சிங்கப்பூர் கட்டுமான வேலைக்கு ஒர்க் பெர்மிட்: எதை முதலில் செய்வது, எதற்குக் காத்திருப்பது

ஒர்க் பெர்மிட்டுக்கு விண்ணப்பிக்கிறவர் தொழிலாளி இல்லை, கம்பெனி. முதல்முறை போகிறவர்கள் பலர் இதைக் கேட்டதும், தங்களுக்கு இதில் வேலையே இல்லை என்று முடிவுகட்டி எல்லாவற்றையும் ஏஜென்ட் கையில் விட்டுவிடுகிறார்கள். சிக்கல் அங்கே தொடங்குகிறது. கம்பெனி நிரப்பும் படிவத்தில் இருப்பது உங்கள் பெயர், உங்கள் சம்பளம், உங்கள் சான்றிதழ். அதில் ஒரு எழுத்து பிசகினாலும் விமான நிலையத்தில் நிற்கப்போவது நீங்கள்தான்.

இந்தியாவிலிருந்து சிங்கப்பூர் கட்டுமானத் துறைக்கு வேலைக்குப் போகிறவர்களுக்கு இது. வரிசை இப்படி: பாஸ்போர்ட், ஸ்கில் டெஸ்ட், கம்பெனியையும் ஏஜென்ட்டையும் சரிபார்ப்பது, விண்ணப்பம், ஐபிஏ என்ற ஒப்புதல் கடிதம். ஐபிஏவைப் படித்துச் சரிபார்த்த பிறகுதான் பெரிய பணம், இங்குள்ள வேலையை விடுவது, டிக்கெட் எல்லாம். இந்த வரிசையை மாற்றினால் பணம் போகும்.

1. வருவது எந்தப் பாஸ் என்று முதலில் கேளுங்கள்

"சிங்கப்பூர் பெர்மிட்" என்று பொதுவாகச் சொல்வதை நம்பிப் பேச்சைத் தொடராதீர்கள். ஒர்க் பெர்மிட், எஸ் பாஸ், எம்ப்ளாய்மென்ட் பாஸ் மூன்றும் வேறு வேறு. எஸ் பாஸுக்குக் குறைந்தபட்சச் சம்பளம் உண்டு. 2025 செப்டம்பர் 1 முதல் அது மாதம் 3,300 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்), வயது கூடக் கூட இன்னும் அதிகம். எம்ப்ளாய்மென்ட் பாஸுக்கு 5,600 வெள்ளியில் தொடங்குகிறது. கட்டுமானத் துறை ஒர்க் பெர்மிட்டுக்கு அப்படிக் குறைந்தபட்சச் சம்பளம் எதுவும் வைக்கப்படவில்லை.

இது ஏன் முக்கியம்? "எஸ் பாஸ் போட்டுத் தருகிறோம், சம்பளம் 1,200 வெள்ளி" என்று ஒருவர் சொன்னால் இரண்டில் ஒன்றுதான் நடக்கும். ஒன்று, வருவது எஸ் பாஸ் இல்லை. இல்லையென்றால் தாளில் 3,300 என்று காட்டிவிட்டு மீதியை உங்களிடம் திரும்ப வாங்குவார்கள். அப்படிப் பொய்த் தகவல் தருவது சிங்கப்பூர்ச் சட்டப்படி குற்றம். 20,000 வெள்ளி வரை அபராதமோ, இரண்டு ஆண்டு வரை சிறையோ, இரண்டுமோ கிடைக்கலாம்.

துறையையும் கேட்டுவிடுங்கள். இந்தியர்களுக்குக் கட்டுமானம், கப்பல் பட்டறை, பிராசஸ் (பெட்ரோலிய, வேதி ஆலைகள்) ஆகிய துறைகளில் ஒர்க் பெர்மிட் கிடைக்கும். உற்பத்தி, சேவைத் துறைகளில் சிங்கப்பூர் மனிதவள அமைச்சு வெளியிட்ட பட்டியலில் உள்ள சில வேலைகளுக்கு மட்டுமே கிடைக்கும். அதற்கும் மாதம் குறைந்தது 2,000 வெள்ளி நிலையான சம்பளம் காட்ட வேண்டும். சமையல்காரர் அந்தப் பட்டியலில் இருக்கிறார். சூப்பர் மார்க்கெட் கேஷியர் இல்லை. வாட்ஸ்அப்பில் சுற்றும் விளம்பரங்களில் பாதியை இந்த ஒரு கேள்வியே வடிகட்டிவிடும்.

சுற்றுலா விசாவில் வந்து இறங்கு, இங்கே வந்து பெர்மிட்டாக மாற்றிக்கொள்ளலாம் என்று சொல்பவரிடம் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள்.

2. பாஸ்போர்ட்டைச் சரிசெய்வது

ஒர்க் பெர்மிட் அதிகபட்சம் இரண்டு ஆண்டுக்குத் தரப்படும். ஆனால் பாஸ்போர்ட் காலாவதியைத் தாண்டி அது போகாது. பாஸ்போர்ட்டில் பத்து மாதம்தான் மிச்சம் என்றால் பெர்மிட்டும் அதற்குள் சுருங்கிவிடும். ஒரே செலவு செய்து பாதிக் காலம் வாங்குவது போல ஆகிவிடும். குறைந்தது இரண்டரை ஆண்டு மிச்சம் இல்லாவிட்டால் முதலில் புதுப்பித்துவிடுங்கள். விண்ணப்பம் போன பிறகு பாஸ்போர்ட்டை மாற்றினால் எண் மாறும். ஐபிஏவில் பழைய எண் நிற்கும்.

தமிழ்நாட்டுப் பாஸ்போர்ட்டுகளில் அதிகம் தொல்லை தருவது பெயர்தான். இன்ஷியலை விரித்து அப்பா பெயரைக் குடும்பப் பெயராக எழுதியிருப்பார்கள். பள்ளிச் சான்றிதழில் வெறும் இன்ஷியல் இருக்கும். ஸ்கில் டெஸ்ட் சான்றிதழில் மூன்றாவது விதமாக ஏறியிருக்கும். இனி எங்கே பெயர் கொடுத்தாலும் பாஸ்போர்ட்டில் உள்ள எழுத்துக்கூட்டலை அப்படியே கொடுங்கள், இடைவெளி உட்பட. பிறந்த தேதிக்கும் அதே விதி.

வயது பற்றி: புதிதாக விண்ணப்பிக்க 18 நிறைந்திருக்க வேண்டும், 61 ஆகியிருக்கக் கூடாது. 2025 ஜூலை 1 முதல் 63 வயது வரை வேலை செய்யலாம். இத்தனை ஆண்டுதான் மொத்தம் இருக்கலாம் என்ற பழைய வரம்பும் அன்றோடு நீங்கிவிட்டது. முன்பு அந்த வரம்பு முடிந்து ஊர் திரும்பியவர்களில் சிலருக்கு இந்தச் சேதி இன்னும் போய்ச் சேரவில்லை.

ஏற்கெனவே சிங்கப்பூரில் வேலை பார்த்தவரானால் அதை மறைக்காதீர்கள். உங்கள் எஃப்ஐஎன் எண்ணும் (வெளிநாட்டவருக்குத் தரும் அடையாள எண்) கைரேகையும் அவர்களிடம் இருக்கின்றன. பெயரை மாற்றிப் புதுப் பாஸ்போர்ட் எடுத்தாலும் விரல் மாறாது.

இசிஆர் முத்திரை, அதாவது சில நாடுகளுக்கு வேலைக்குப் போக அரசின் குடியகல்வு அனுமதி வேண்டும் என்ற குறிப்பு, அதைப் பற்றியும் ஒரு வரி. பத்தாம் வகுப்பு முடிக்காதவர் பாஸ்போர்ட்டில் அது இருக்கும். குடியகல்வு அனுமதி வாங்க வேண்டிய நாடுகளின் பட்டியலில் மலேசியா இருக்கிறது, வளைகுடா நாடுகள் இருக்கின்றன, சிங்கப்பூர் இல்லை. ஆகவே சிங்கப்பூருக்கு "கிளியரன்ஸ் கட்டணம்" என்று யாராவது கேட்டால் அப்படி ஒரு செலவே கிடையாது.

3. ஸ்கில் டெஸ்ட்

கட்டுமானத் துறைக்கு இந்தியாவிலிருந்து போகிறவர், சிங்கப்பூர்க் கட்டட, கட்டுமான ஆணையம் ஏற்ற தேர்வில் தேறியிருக்க வேண்டும். பிசிஏ டெஸ்ட் என்றும் ஸ்கில் டெஸ்ட் என்றும் சொல்வது இதைத்தான். அந்த ஆணையம் அங்கீகரித்த வெளிநாட்டுத் தேர்வு மையங்களில் மட்டுமே எழுத முடியும். சான்றிதழ் இல்லாமல் விண்ணப்பம் நகராது என்பதால் இது வேலை தேடுவதற்கு முன்பே முடிய வேண்டிய படி.

தொழிலைத் தேர்ந்தெடுக்கும்போது எது சீக்கிரம் முடியும் என்று பார்க்காமல், எதை உண்மையில் செய்யத் தெரியும் என்று பாருங்கள். கம்பி கட்டுவது, பலகை அடிப்பது, டைல்ஸ், பூச்சு, வயரிங், பிளம்பிங், வெல்டிங் எனப் பிரிவுகள் உண்டு. வயரிங் கற்றவர் "இப்போதைக்கு இடம் இருக்கிறது" என்பதற்காகப் பலகையில் தேர்வு எழுதினால் அந்தச் சான்றிதழ்தான் கடைசி வரை அவரோடு வரும்.

தேறுவதும் வேலை கிடைப்பதும் ஒன்றில்லை. பயிற்சி, தேர்வு, வேலை மூன்றையும் ஒரே கட்டுப் பணத்தில் சேர்த்து விற்பார்கள். பணத்தைத் தனித்தனியாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் தனி ரசீது வாங்குங்கள். தேறிய பிறகு வேலை வராமல் போனால் எந்தத் தொகையைத் திரும்பக் கேட்பது என்பதை அந்த ரசீதுதான் சொல்லும். அசல் சான்றிதழை யாரிடமும் "பாதுகாப்புக்கு" கொடுத்து வைக்காதீர்கள். விண்ணப்பத்துக்கு நகல் போதும். அசலைப் பிடித்துவைப்பது உங்களை வேறு கம்பெனிக்குப் போகவிடாமல் கட்டுவதற்குத்தான்.

4. கம்பெனி இருக்கிறதா, ஏஜென்ட் பதிவு பெற்றவரா

வேலை வாய்ப்பு என்று ஒரு தாள் வந்ததும் இரண்டு இடங்களில் தேட வேண்டும். கால் மணி நேரத்துக்கு மேல் ஆகாது.

கம்பெனிக்கு யூஇஎன் என்ற பதிவு எண் இருக்கும். சிங்கப்பூர் அரசின் பிஸ்ஃபைல் தளத்தில் அந்த எண்ணையோ பெயரையோ போட்டால் கம்பெனி நடப்பில் இருக்கிறதா, மூடப்பட்டதா என்று இலவசமாகத் தெரியும். பெயரில் ஒரு சொல் கூடினாலும் குறைந்தாலும் அது வேறு கம்பெனி. பெரிய ஒப்பந்த நிறுவனத்தின் பெயரைப் போலவே ஒலிக்கும் சின்ன நிறுவனங்கள் உண்டு.

ஏஜென்ட் இரண்டு பக்கமும் இருப்பார். சிங்கப்பூர்ப் பக்கத்து ஏஜென்சிக்கு அந்நாட்டு மனிதவள அமைச்சின் உரிமம் வேண்டும். அமைச்சின் தளத்தில் உள்ள ஏஜென்சிப் பட்டியலில் பெயர் இருக்கும். இந்தியப் பக்கத்தில் 1983ஆம் ஆண்டின் குடியகல்வுச் சட்டப்படி பதிவு பெற்றவர் மட்டுமே ஆள் எடுக்கலாம். இந்திய அரசின் இமைகிரேட் தளத்தில் பதிவு எண்ணைப் போட்டுப் பார்க்கலாம்.

பெரும்பாலும் உங்களோடு பேசுபவர் இந்த இருவருமாக இருக்க மாட்டார். ஊரிலுள்ள "தெரிந்தவர்" ஒருவராக இருப்பார், நல்லவராகவும் இருக்கலாம். ஆனால் பணத்தை அவர் கையில் கொடுத்தால், நாளைக்கு வாங்கவே இல்லை என்று பதிவு பெற்ற ஏஜென்ட் சொல்லிவிடுவார். யார் உரிமம் வைத்திருக்கிறாரோ அவர் வங்கிக் கணக்குக்கே பணம் போக வேண்டும்.

5. எந்தச் செலவு யாருடையது

பேரம் பேச உட்காரும் முன் இந்தப் பகுதியை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்.

கம்பெனியே ஏற்க வேண்டியவை: மாதாந்திர லெவி (வெளிநாட்டு ஊழியருக்காகக் கம்பெனி அரசுக்குக் கட்டும் வரி), ஆளுக்கு 5,000 வெள்ளி பாதுகாப்புப் பத்திரம் (பாண்டு), ஆண்டுக்குக் குறைந்தது 60,000 வெள்ளி அளவுக்கான மருத்துவக் காப்பீடு, வேலையிட விபத்துக் காப்பீடு. கட்டுமானத் துறையில் 2024 முதல் லெவி, உயர் திறன் பெற்றவருக்கு மாதம் 500 வெள்ளி, அடிப்படைத் திறன் உள்ளவருக்கு 900 வெள்ளி. இதில் எதையும் உங்கள் சம்பளத்தில் பிடிக்கவோ முன்பணமாக வாங்கவோ கூடாது. "பாண்டு பணம் கட்டு, வேலை முடிந்து திரும்பும்போது தருவோம்" என்ற பேச்சு பழையது, இன்னும் ஓடுகிறது. அந்தப் பத்திரம் கம்பெனிக்கும் அரசுக்கும் இடையிலானது.

வேலை தருவதற்காகவோ பெர்மிட்டைப் புதுப்பிப்பதற்காகவோ முதலாளியோ அவருடைய ஆளோ உங்களிடம் பணம் வாங்கினால் அது தனிக் குற்றம். 30,000 வெள்ளி வரை அபராதம், இரண்டு ஆண்டு வரை சிறை.

நீங்கள் கொடுக்கக் கூடியது ஏஜென்ட் கட்டணம். அதற்கும் உச்சவரம்பு உண்டு. சிங்கப்பூர் ஏஜென்சி, ஓராண்டு வேலைக்கு ஒரு மாதச் சம்பளம் என்ற கணக்கில், எத்தனை ஆண்டானாலும் இரண்டு மாதச் சம்பளத்துக்கு மேல் வாங்க முடியாது. இந்தியாவில் பதிவு பெற்ற ஏஜென்ட் 30,000 ரூபாயும் அதற்கு 18 விழுக்காடு ஜிஎஸ்டியும் வாங்கலாம், மொத்தம் 35,400.

உண்மையில் கை மாறும் தொகை லட்சங்களில் இருப்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். வரம்புக்கு மேல் கேட்கப்படும் பணத்துக்கு ரசீது தர மாட்டார்கள். ரசீது தர மறுக்கும் தொகை எதுவோ, அதுவே திரும்பி வராத தொகை. கொடுத்தே தீருவது என்று முடிவு செய்தவர் ஒரு கணக்காவது போட்டுப் பார்க்க வேண்டும்: அடிப்படைச் சம்பளத்தில் சாப்பாடும் கைச்செலவும் போக மிச்சம் எவ்வளவு, அதை வைத்து இந்தக் கடன் எத்தனை மாதத்தில் அடையும்? பெர்மிட் இரண்டு ஆண்டுக்குத்தான். ஒரு வருடத்துக்கு மேல் கடனுக்கே போகும் என்றால் அந்த வேலை உங்களுக்கு இல்லை, ஏஜென்ட்டுக்கு.

6. விண்ணப்பம் போகும் கட்டம்

கம்பெனியோ அதன் சார்பில் ஏஜென்சியோ அமைச்சின் இணையதளத்தில் விண்ணப்பிக்கும். அதற்கு உங்கள் எழுத்துப்பூர்வ ஒப்புதல் வேண்டும். கையெழுத்துக் கேட்டு வரும் தாளில் கம்பெனியின் பெயரும் வேலையும் நிரம்பியிருக்க வேண்டும். வெற்றுத் தாளில் கையெழுத்து வேண்டாம்.

நீங்கள் கொடுப்பது பாஸ்போர்ட்டின் விவரப் பக்கமும் ஸ்கில் டெஸ்ட் சான்றிதழும். இரண்டையும் விளக்கு வெளிச்சம் அடிக்காமல், நான்கு மூலையும் தெரியும்படி ஸ்கேன் செய்து அனுப்புங்கள். மங்கலான படத்தைப் பார்த்து யாரோ தட்டச்சு செய்யும்போதுதான் 3 என்பது 8 ஆகிறது.

விண்ணப்பக் கட்டணம் 35 வெள்ளி. பெர்மிட் வழங்கும்போது இன்னொரு 35. இதற்காக யாராவது ஐம்பதாயிரம் ரூபாய் "ஃபைல் சார்ஜ்" கேட்டால், அரசுக்குப் போவது இவ்வளவுதான் என்று தெரிந்திருப்பது நல்லது. முடிவு பெரும்பாலும் ஒரு வாரத்தில் தெரிந்துவிடும். மூன்று மாதமாக "ப்ராசஸில் இருக்கிறது" என்றால் விண்ணப்பமே போகவில்லை என்று எடுத்துக்கொள்ளலாம்.

ஒரே நேரத்தில் இரண்டு மூன்று ஏஜென்ட்டுகளிடம் நகல் கொடுத்து வைப்பது கெட்டிக்காரத்தனம் போலத் தோன்றும். இரண்டு கம்பெனிகள் ஒரே பாஸ்போர்ட் எண்ணுக்கு விண்ணப்பித்தால் ஒன்று மற்றொன்றுக்குக் குறுக்கே நிற்கும். ஒன்று முடியட்டும், பிறகு அடுத்தது.

நிராகரிப்பு வந்தால் உடனே உங்கள் மேல் பழி போடுவார்கள். காரணம் கம்பெனியிடமும் இருக்கலாம். 2024 முதல் கட்டுமானத் துறையில் ஓர் உள்ளூர் முழுநேர ஊழியருக்கு ஐந்து வெளிநாட்டவர் என்பதே ஒதுக்கீடு. அதற்கு முன் ஏழு. ஒதுக்கீடு நிரம்பிய கம்பெனி எத்தனை முறை விண்ணப்பித்தாலும் கிடைக்காது. நிராகரிப்புத் தகவலைக் கேட்டு வாங்கி, காரணம் கம்பெனியுடையதா உங்களுடையதா என்று பாருங்கள். உங்களுடையது என்றால் வேறு கம்பெனி போட்டாலும் அதே பதில்தான் வரும்.

7. ஐபிஏ: ஒவ்வொரு வரியாகப் படிக்க வேண்டிய தாள்

ஒப்புதல் கிடைத்தால் வருவது கொள்கை அளவிலான ஒப்புதல் கடிதம். எல்லோரும் ஐபிஏ என்கிறார்கள். நாட்டுக்குள் நுழையும் அனுமதியும் இதுதான். இந்தியர்களுக்கு ஒருமுறை நுழைவதற்கான விசா இதிலேயே அடங்கியிருக்கிறது, தனி விசா எடுக்க வேண்டியதில்லை.

கம்பெனி இதை உங்களுக்குப் புரியும் மொழியில், நீங்கள் கிளம்பும் முன்பே அனுப்பிவைக்க வேண்டும். தமிழிலேயே கிடைக்கும். ஆங்கிலப் பிரதி மட்டும் வந்தால் தமிழ்ப் பிரதியைக் கேளுங்கள். தர மறுப்பதற்கு நல்ல காரணம் எதுவும் இருக்க முடியாது.

முதலில் தாள் உண்மையா என்று பாருங்கள். அமைச்சின் தளத்தில் ஒர்க் பெர்மிட் நிலையைப் பார்க்கும் பக்கத்தில் பாஸ்போர்ட் எண்ணும் பிறந்த தேதியும் போட்டால் விண்ணப்பம் எந்த நிலையில் இருக்கிறது என்று காட்டும். ஏஜென்ட் அனுப்பிய இணைப்பை அழுத்திப் பார்க்காதீர்கள். அமைச்சின் முகவரியை நீங்களே தட்டச்சு செய்து உள்ளே போங்கள். போலி ஐபிஏ தயாரிப்பவர் போலித் தளமும் தயாரிப்பார்.

அடுத்து பெயர், பாஸ்போர்ட் எண், பிறந்த தேதி. பிறகு கம்பெனியின் பெயர், யூஇஎன். பேசிய கம்பெனிதானா? வேறு பெயர் வந்திருந்தால், "எல்லாம் ஒரே குரூப்தான்" என்ற சமாதானத்தை ஏற்காதீர்கள். பெர்மிட் எந்தக் கம்பெனிக்கோ அங்கே மட்டும்தான் வேலை செய்யலாம்.

வேலையின் பெயரைப் பாருங்கள். கட்டுமானத் தொழிலாளி என்று இருந்து, வாய்வார்த்தையில் "ஸ்டோர் கீப்பர்" என்று சொல்லியிருந்தால், எழுதியிருப்பதுதான் நடக்கும்.

இப்போது சம்பளம். இங்கேதான் ஏமாற்றம் அதிகம். கடிதத்தில் அடிப்படைச் சம்பளம், நிலையான படிகள், பிடித்தங்கள் தனித்தனியாக இருக்கும். ஊரில் ஏஜென்ட் சொல்லும் தொகையில் ஓட்டியும் (கூடுதல் நேர வேலைக்கான சம்பளம்) கலந்திருக்கும். உதாரணத்துக்கு அடிப்படை 800 வெள்ளி என்று வையுங்கள். ஒரு மணி நேரக் கூலி கணக்கிட 800ஐ 12ஆல் பெருக்கி, 52 வாரம் × 44 மணி, அதாவது 2,288ஆல் வகுக்க வேண்டும். 4.20 வெள்ளி வரும். ஓட்டிக்கு ஒன்றரை மடங்கு: 6.29 வெள்ளி. மாதத்தில் அதிகபட்சம் 72 மணி நேரம்தான் ஓட்டி அனுமதி. முழுசாகப் பார்த்தாலும் 453 வெள்ளி. இரண்டும் சேர்ந்து 1,253. இந்த 800 வெள்ளி வேலைக்கு "மாதம் 1,800 கையில் நிற்கும்" என்று ஒருவர் சொல்லியிருந்தால், கணக்கில் வராத மீதியைப் படிகள் பகுதியில் தேடுங்கள். அங்கேயும் இல்லையென்றால் எங்கேயும் இல்லை.

ஓட்டி சைட்டைப் பொறுத்தது; ஒரு மாதம் இருக்கும், ஒரு மாதம் இருக்காது. ஆனால் ஐபிஏவில் உள்ள நிலையான மாதச் சம்பளம் அப்படி ஆடாது. சைட்டில் வேலை இல்லாமல் உங்களை உட்கார வைத்தாலும் கம்பெனி அதைக் கொடுத்தாக வேண்டும். கடனைக் கணக்கிடும்போது அந்தத் தொகையை மட்டும் எடுத்துக்கொள்ளச் சொல்வது இதனால்தான்.

பிடித்தம் பகுதியைத் தாண்டிப் போய்விடாதீர்கள். தங்குமிடம், சாப்பாடு என்று எவ்வளவு எழுதியிருக்கிறது? அங்கே இல்லாத ஒன்று பின்னால் சம்பளத்தில் கழிந்தால், எதிர்த்துக் கேட்க இந்தத் தாளே ஆதாரம். ஐபிஏவில் உள்ள சம்பளத்தைக் குறைக்க உங்கள் எழுத்துப்பூர்வச் சம்மதமும் அமைச்சுக்குத் தகவலும் வேண்டும். ஆகவே சிங்கப்பூர் வந்து இறங்கிய முதல் நாளில் "இதில் ஒரு கையெழுத்து" என்று நீட்டப்படும் தாளைப் படிக்காமல் கையெழுத்திடுவது, இதுவரை சரிபார்த்த அத்தனையையும் வீணாக்கும்.

ஏதாவது தவறாக இருந்தால் கிளம்பும் முன் திருத்தச் சொல்லுங்கள். பெயர்ப் பிழையைக் கம்பெனி திருத்தித் தர முடியும். சம்பளம் பேசியதற்குக் குறைவாக இருந்தால், "அங்கே போய்ப் பேசிக்கொள்ளலாம்" என்பது பதிலாகாது. ஊரில் இருக்கும் வரைதான் போகமாட்டேன் என்று சொல்லும் உரிமைக்கு விலை குறைவு.

எல்லாம் சரி என்றால் நான்கு நகல் எடுங்கள். ஒன்று வீட்டில், ஒன்று பையில், ஒன்று கையில், ஒன்று போனில் படமாக. இப்போது வேலையை விடலாம். ஏஜென்ட் கட்டணத்தின் மீதியைக் கட்டலாம், வங்கி வழியாக.

8. கிளம்பும் முன்

ஐபிஏவில் அச்சாகியிருக்கும் காலாவதி தேதிக்குள் சிங்கப்பூரில் இறங்க வேண்டும். அதற்கு முன் கம்பெனி பாதுகாப்புப் பத்திரத்தை முடித்திருக்க வேண்டும். முடிக்காவிட்டால் குடிநுழைவுச் சோதனையில் திருப்பி அனுப்பப்படலாம். டிக்கெட் போடும் நாளில் "பாண்டு ஆகிவிட்டதா" என்று கம்பெனியிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

சிங்கப்பூரில் இறங்கியதும் மருத்துவப் பரிசோதனை உண்டு. காசநோய், எச்ஐவி, மலேரியா, சிஃபிலிஸ் பார்ப்பார்கள். அதில் தேறாவிட்டால் பெர்மிட் கிடைக்காது. கடனோடு திரும்ப வேண்டியதுதான். முன்னெச்சரிக்கையாக ஊரிலேயே ஒரு மார்பு எக்ஸ்ரேயும் இரத்தப் பரிசோதனையும் எடுத்துக்கொள்ளுங்கள். சில நூறு ரூபாய்ச் செலவு, சில லட்சத்தைக் காக்கும். பழைய காசநோய் ஆறிய தழும்பு இருப்பவர்கள் சிகிச்சைச் சீட்டுகளையும் கையோடு கொண்டு போக வேண்டும்.

இறங்குவதற்கு முந்தைய மூன்று நாளுக்குள், இறங்கும் நாளையும் சேர்த்து, எஸ்ஜி அரைவல் கார்டு என்ற வருகைப் படிவத்தை இணையத்தில் நிரப்ப வேண்டும். இலவசம். இதற்குப் பணம் கேட்கும் தளம் எதுவும் அரசுத் தளம் இல்லை.

பையில் எதை வைக்கக் கூடாது என்பதைச் சொல்லாமல் விட முடியாது. ஹான்ஸ், குட்கா போன்ற மெல்லும் புகையிலை சிங்கப்பூரில் தடை செய்யப்பட்டது. இ-சிகரெட்டும் அப்படித்தான். சிகரெட்டுக்கு வரிவிலக்கு கிடையாது. ஒன்று கொண்டுபோனாலும் அறிவித்து வரி கட்ட வேண்டும். அம்மா கட்டிக் கொடுக்கும் மசாலாப் பொட்டலத்தில் கசகசா இருந்தால் எடுத்துவிடுங்கள். சூயிங்கம் வேண்டாம். தூக்க மாத்திரை, கோடீன் கலந்த இருமல் மருந்து போன்றவற்றுக்கு முன் அனுமதி வேண்டும்.

9. இறங்கிய முதல் இரண்டு வாரம்

விமான நிலையத்திலிருந்து நேராகச் சைட்டுக்கு அழைத்துப் போனால் அது தவறு. பெர்மிட் வழங்கப்படும் வரை வேலை செய்யக் கூடாது. ஐபிஏ என்பது நுழையும் அனுமதிதான். அதற்குள் விபத்து நடந்தால் யார் பொறுப்பு என்ற சண்டையில் சிக்குவது நீங்கள்.

இந்த நாட்களில் நடப்பவை: மருத்துவப் பரிசோதனை; முதல்முறை வருபவர்களுக்கு உரிமைகளையும் விதிகளையும் தாய்மொழியில் சொல்லித்தரும் செட்லிங்-இன் வகுப்பு; கட்டுமானப் பாதுகாப்புப் பயிற்சியும் அதன் தேர்வும். பாதுகாப்புத் தேர்வைச் சம்பிரதாயம் என்று நினைத்துத் தூங்குபவர்கள் உண்டு. தேறாவிட்டால் மறுபடி எழுத வேண்டும், தேறாமலே இருந்தால் பெர்மிட்டுக்கே ஆபத்து. உயரத்தில் வேலை, பள்ளம் தோண்டல், தூக்கு எந்திரச் சைகைகள் ஆகிய பகுதிகளைக் கவனமாகக் கேளுங்கள்.

பரிசோதனை முடிவுகள் வந்ததும் கம்பெனி பெர்மிட்டை இணையத்தில் எடுக்கும். இறங்கிய 14 நாளுக்குள் இது நடக்க வேண்டும். அப்போது ஒரு அறிவிப்புக் கடிதம் வரும். அட்டை வரும் வரை அதுவே உங்கள் பெர்மிட். கைரேகையும் படமும் பதிய வேண்டுமா என்று அதிலேயே இருக்கும். வேண்டுமென்றால் ஒரு வாரத்துக்குள் பெண்டிமீர் சாலையில் உள்ள அமைச்சின் சேவை மையத்துக்குப் பாஸ்போர்ட்டோடு போக வேண்டும். சில நாட்களில் அட்டை வரும். அதில் உள்ள எஃப்ஐஎன் எண்ணைக் குறித்துவைத்துக்கொள்ளுங்கள். 2022 ஜனவரி முதல் முதல்முறை வந்தவர்களுக்கு அது எம் என்ற எழுத்தில் தொடங்கும். 2000 முதல் 2021 வரை வந்தவர்களுக்கு ஜி.

பாஸ்போர்ட்டைத் திரும்பக் கேளுங்கள். பதிவுக்காகக் கொடுத்தது பதிவு முடிந்ததும் உங்களிடம் வர வேண்டும். கம்பெனி அதைப் பிடித்துவைப்பது குற்றம்.

10. அட்டை வந்த பிறகு

வேலை தொடங்கி 14 நாளுக்குள் வேலை நிபந்தனைகளை எழுத்தில் தர வேண்டும். அதை ஐபிஏவின் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள். ஒவ்வொரு மாதமும் விவரமான பேஸ்லிப் வர வேண்டும். சம்பளம், சம்பளக் காலம் முடிந்து 7 நாளுக்குள்; ஓட்டிப் பணம் 14 நாளுக்குள். கையில் ரொக்கமாக வாங்காமல் வங்கிக் கணக்கில் போடச் சொல்லுங்கள், பின்னால் பேச்சுக்கு இடமிருக்காது. வேலை செய்த மணி நேரத்தை ஒரு சின்ன நோட்டில் தினமும் எழுதி வையுங்கள். கம்பெனியின் டைம் கார்டு தொலையும். உங்கள் நோட்டு தொலையாது.

ஞாயிற்றுக்கிழமை வேறு இடத்தில் போய் நாலு காசு பார்ப்பது ஆசையாகத்தான் இருக்கும். அது பெர்மிட் இல்லாத வேலை. பிடிபட்டால் பெர்மிட் போவதோடு, மறுபடி வரவும் முடியாது.

சம்பளப் பாக்கி இருந்தால் டிக்கெட் போடும் முன் புகார் செய்யுங்கள். வேலையை விட்டு ஆறு மாதம் வரை முறையிடலாம் என்று சட்டம் சொன்னாலும், ஊருக்குப் போய்விட்டவர் அங்கிருந்து வழக்கு நடத்துவது பெரும்பாடு. வெளிநாட்டு ஊழியர் நிலையத்தின் 24 மணி நேர உதவி எண் 6536 2692. மனிதவள அமைச்சு 6438 5122.

கம்பெனி மாறுவதற்கும் நாள் கணக்கு உண்டு. பெர்மிட் முடிய 40 நாள் இருக்கும்போதிலிருந்து 21 நாள் இருக்கும் வரை, கட்டுமானத் தொழிலாளிக்காகப் புதுக் கம்பெனி பழைய முதலாளியின் சம்மதம் இல்லாமலே விண்ணப்பிக்கலாம். அதற்கு முன் என்றால் சம்மதம் வேண்டும். இந்த இருபது நாள் சன்னல் எப்போது திறக்கும் என்று அட்டை கைக்கு வந்த அன்றே கணக்கிட்டு, போன் காலண்டரில் குறித்துவிடுங்கள். ஏனென்றால் புதுக் கம்பெனி தேடும் வேலையை அதற்கு ஒரு மாதம் முன்பே தொடங்க வேண்டியிருக்கும்.